தடை ஏற்கெனவே இருக்கிறது: முகக் கிரீம் மனுவைப் பற்றி ஒரு பதில்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் சகோதரி ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்காகத் தாம் எழுதியிருக்கும் மனுவைப் புலனத்தில் எனக்கு அனுப்பி, மருந்தாளுநர் என்ற முறையில் இந்த வாதம் நிற்குமா என்று சொல்லும்படி கேட்டிருந்தார். மனுவின் சாரம் இது: ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பனைப் பொருள்களில் 1,300-க்கும் மேற்பட்ட இரசாயனங்களைத் தடை செய்திருக்கிறது, அமெரிக்கா பதினொன்றைத்தான் தடை செய்திருக்கிறது, மலேசியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. தோலில் பூசுவதில் 60 விழுக்காடு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே, தீங்கு விளைவிக்கும் என்ற ஐயம் உள்ள எல்லா இரசாயனங்களையும் உடனே தடை செய்து, மஞ்சள், கற்றாழை, மருதாணி போன்ற இயற்கைப் பொருள்களால் ஆனவற்றை மட்டும் விற்க அனுமதிக்க வேண்டும். அதே சங்கத்தில் இன்னொருவர் இதை மறுத்திருக்கிறார். எல்லாம் அளவைப் பொறுத்தது, வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டியதுதான், தடை என்று ஆரம்பித்தால் வீட்டிலிருந்தபடி முகவராக விற்றுப் பிழைக்கும் நம் பெண்கள்தான் அடிபடுவார்கள் என்பது அவருடைய கட்சி.

சகோதரி, உங்கள் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் மனு இப்போதிருக்கும் வடிவில் சுகாதார அமைச்சுக்குப் போனால், அங்குள்ள அதிகாரி முதல் பத்தியிலேயே அதை மடக்கி வைத்துவிடுவார். மலேசியாவில் சட்டம் இல்லை என்ற கூற்று உண்மையன்று. 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் 1984-இல் இயற்றப்பட்ட மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் நம் நாட்டில் நடப்பில் உள்ளன. 2003-இல் ஆசியான் நாடுகள் ஒப்பனைப் பொருள்களுக்கு ஒரே விதிமுறையைப் பின்பற்ற உடன்பட்டு, 2008 ஜனவரி முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அந்த ஆசியான் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியல் ஐரோப்பியப் பட்டியலைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. எனவே ஐரோப்பா தடை செய்தது ஏராளம், நாம் செய்தது ஒன்றுமில்லை என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. முகக் கிரீமில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டிராய்டுகள் ஆகியவற்றைச் சேர்ப்பது இங்கே ஏற்கெனவே தடை செய்யப்பட்டுள்ளது. தற்செயலாகக் கலக்கும் மாசுக்குக்கூட வரம்பு உண்டு: பத்து இலட்சத்தில் பாதரசம் 1 பங்கு, ஆர்செனிக் 5, காட்மியம் 5, ஈயம் 20. மீறுகின்ற தனிநபருக்கு முதற்குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். நிறுவனம் என்றால் 50,000 வெள்ளி வரை அபராதம்.

எண்களை வைத்து நடத்தும் ஒப்பீடும் பலவீனமானதுதான். ஐரோப்பாவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் உள்ள நெடிய பட்டியலை நிதானமாக வாசித்துப் பார்த்தால், எட்டிக்காயின் நஞ்சான ஸ்டிரிக்னைன், அம்பு முனையில் தடவும் கியூராரே, ஆர்செனிக் என்று எந்தக் கிரீம் கம்பெனியும் கனவிலும் சேர்க்காத பொருள்கள் வரிசையாக வருகின்றன. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் வரும் இடைப்பொருள்கள் மட்டுமே பக்கக்கணக்கில் இருக்கின்றன. புற்றுநோய் தரக்கூடியவை என்று வேறொரு சட்டத்தின் கீழ் வகைப்படுத்தப்பட்டவை மொத்தமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருப்பதுதான் காரணம். பட்டியல் நீளமாக இருப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நீளத்தைக் கொண்டு ஒரு நாட்டின் பாதுகாப்பை அளக்க முடியாது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இருந்த மெய்யான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. ஐரோப்பாவில் ஒரு பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே, அதற்குத் தகுதி பெற்ற ஒருவர் அதன் பாதுகாப்பை மதிப்பிட்டுக் கையொப்பமிட்ட அறிக்கை இருந்தாக வேண்டும். அமெரிக்காவிலோ, 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு 2022 டிசம்பர் வரை, தீங்கான ஒப்பனைப் பொருளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம்கூட அரசு நிறுவனத்துக்குக் கிடையாது, கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது. அந்த 1938 சட்டமே, லேஷ் லூர் என்ற இமைச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்து ஒருவர் இறந்தும் போன பிறகு பிறந்ததுதான். பட்டியலின் நீளத்தைவிட, யார் எப்போது சோதிக்கிறார்கள், யாருக்குப் பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது என்பவையே கனமான கேள்விகள் என்று இதிலிருந்து தெரிகிறது. உங்கள் மனு எழுப்ப வேண்டியதும் இக்கேள்விகளைத்தான்.

அப்படியானால், தடை இருந்தும் நம் ஊரில் முகம் வெந்து போனவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எல்பில், டோவன்பி பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பெண்கள் கொண்டுவந்து ஃபார்மசியின் முகப்பு மேசையில் வைக்கும் டப்பாக்களைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். மெல்லிய அட்டைப்பெட்டிக்குள் மூன்று நான்கு சிறு டப்பாக்கள் கொண்ட ஒரு 'செட்': பகல் கிரீம், இரவுக் கிரீம், டோனர், சவர்க்காரம். இரவுக் கிரீம் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். மூடிக்கு மேல் தங்க நிற வில்லை ஒட்டியிருக்கும். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்காது, இருந்தாலும் தாய்லாந்து மொழியிலோ சீனத்திலோ இருக்கும். யார் செய்தது, எங்கே செய்தது என்ற முகவரியும் இருக்காது. சிலவற்றில் மட்டும், பூசும்போது பொன், வெள்ளி, அலுமினியம் படக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்த மாத்திரத்தில் டப்பாவை மூடிவிட வேண்டும். பாதரசம் பொன்னோடு சேர்ந்தால் பொன்னை வெளுக்கவைத்து அரித்துவிடும் என்பது பொற்கொல்லர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. கழுத்துத் தாலிக்கு ஆகாத ஒன்று கன்னத்துக்கு மட்டும் எப்படி ஆகும் என்று நான் கேட்கும்போதுதான் பலரும் யோசிக்கவே தொடங்குகிறார்கள்.

இந்தக் கிரீம்கள் வேலை செய்யாதவை என்று யாரும் சொல்ல முடியாது. வேலை செய்வதுதான் தொல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி தேவை. பாதரசம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. ஹைட்ரோகுவினோனும் அதே வழியில்தான் செயல்படுகிறது. டிரெட்டினோயின் மேல்தோலை வேகமாக உரியவைக்கிறது. ஸ்டிராய்டு, சிவப்பையும் அரிப்பையும் அடக்கி முகத்தை வழவழவென்று காட்டுகிறது. இவற்றைக் கலந்து தடவினால் இரண்டு வாரத்தில் அக்கம்பக்கத்தார் வாய்விட்டுப் பாராட்டும் அளவுக்கு மாற்றம் தெரியும். அந்தப் பாராட்டே விளம்பரமாகி அடுத்த லயன் வரைக்கும் விற்றுக் கொடுத்துவிடும். சில மாதங்கள் கழித்துத் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவந்த நரம்புக்கோடுகள் தெரியும், பரு வெடிக்கும், வெயிலில் நின்றால் எரியும். பூசுவதை நிறுத்தியதும் முகம் மொத்தமாகச் சிவந்து வீங்குவதால், கிரீமை விட்டதுதான் காரணம் என்று எண்ணி மறுபடியும் அதையே வாங்கிப் பூசுகிறார்கள். ஸ்டிராய்டுக்குத் தோல் அடிமைப்படுவது இப்படித்தான். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்கு, வெளுப்பதற்குப் பதிலாக நீலங்கலந்த கருமை நிரந்தரமாகப் படிந்துவிடுவதுண்டு. இதைத் தென்னாப்பிரிக்காவின் தோல் மருத்துவர்கள் 1975-லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. ஹைட்ரோகுவினோன் குடும்பம் தோலை வெளுக்கும் என்பதை உலகம் கண்டுகொண்டதே ரப்பரால்தான். 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு, ரப்பர்க் கையுறை மறைத்த இடம் மட்டும், மணிக்கட்டைத் தாண்டி முன்கை வரை வெள்ளை வெளேரென்று நிறமிழந்து போனது. ரப்பர் சீக்கிரம் முதுமையடைந்து வெடித்துவிடாமல் இருப்பதற்காகக் கையுறையில் சேர்த்திருந்த மோனோபென்சைல் ஈதர் என்ற ஹைட்ரோகுவினோன் வழிப்பொருளே அதற்குக் காரணம் என்று 1939-இல் தெரியவந்தது. தொழிலாளியின் உடலில் ஏற்பட்ட கேட்டைப் பார்த்துவிட்டு, அதையே அழகு என்று விற்கலாமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். வணிகத்தின் மூளை எந்த வழியாகப் போகும் என்பதை விளக்க இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை.

பாதரசத்தின் பாதிப்பு முகத்தோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல்லிலுள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பாதிக்கப்படும் ஒரு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அபூர்வமான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசிவந்தவர்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் என்று போய் நிற்பவர்களிடம் எந்த மருத்துவரும் முதலில் முகக் கிரீமைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால்தான் வெளிவரும். பாதரசம் ஆவியாகவும் பிரியக்கூடியது. தலையணை உறையிலும் துவாலையிலும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலும் வெர்ஜினியாவிலும் 2010-இல் ஆராய்ந்தபோது, கிரீமைத் தொடாத குடும்பத்தினர், குழந்தைகள் உட்பட, உடலில் பாதரசம் கூடியிருந்ததைக் கண்டார்கள். மறுப்புச் சொன்ன உங்கள் சங்க நண்பருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய வலுவான பதில் இதில் இருக்கிறது. வாங்குபவர் பார்த்து வாங்கட்டும் என்றால், தாயின் தோளில் தூங்கும் பிள்ளை எதைப் பார்த்து வாங்கியது?

இனி 60 விழுக்காடு. அந்த வரியை எடுத்துவிடுங்கள். எதைப் பூசினாலும் ஒரே விகிதம் உள்ளே போகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தோலின் வெளியடுக்கு பெரும்பாலான பொருள்களைத் தடுக்கவே அமைந்தது. மூலக்கூறு சிறியதா, கொழுப்பில் கரைவதா, தோல் புண்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து உள்ளே போகும் அளவு ஏறக்குறைய சுழியிலிருந்து கணிசமான அளவு வரை மாறும்.

ஐயம் உள்ள எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும் என்ற உங்கள் மையக் கோரிக்கை இதைவிடச் சிக்கலானது. கிரீம் கெடாமல் காக்கும் பாரபென் என்ற பதனப்பொருள்களை எடுத்துக்கொள்வோம். 2004-இல் பிரிட்டனில் 20 மார்பகக் கட்டிகளில் பாரபென் காணப்பட்டதாக ஓர் ஆய்வு வந்தது. கட்டி இல்லாத திசுவோடு அதில் ஒப்பீடு செய்யப்படவில்லை. பாரபென்தான் கட்டிக்குக் காரணம் என்று அவ்வாய்வு நிறுவவுமில்லை. ஆனாலும் 'பாரபென் இல்லாதது' என்ற முத்திரை விற்பனைக்கு உதவியதால், நிறுவனங்கள் மெதில்ஐசோதையசோலினோன் என்ற வேறொரு பதனப்பொருளுக்குத் தாவின. ஐரோப்பாவில் தோல் ஒவ்வாமை கிளினிக்குகள் நிரம்பி வழிந்தன. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதற்கு ஐரோப்பா 2017-இல் தடை போட வேண்டியதாயிற்று. இதற்கிடையில் பாரபென்களை ஐரோப்பா எப்படிக் கையாண்டது என்பது படிப்பினைக்குரியது: போதுமான தரவு இல்லாத ஐந்து வகைகளை 2014-இல் நீக்கியது, புரோப்பில், பியூட்டில் வகைகளுக்கு 0.14 விழுக்காடு என்று வரம்பைக் குறைத்தது. மெதில், எதில் வகைகளை 0.4 விழுக்காட்டு வரம்போடு விட்டுவைத்தது. நீர் கலந்த கிரீமில் பதனப்பொருள் இல்லையென்றால் சில வாரத்தில் அதில் கிருமி வளரும். கண்ணருகில் பூசும் கிரீமில் கிருமி வளர்வது சாதாரணச் சங்கதியன்று.

ஐயம் என்பது ஒரே தரத்தில் இருப்பதுமில்லை. 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 400 உதட்டுச் சாயங்களைச் சோதித்தபோது அவற்றில் ஈயம் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 1.11 பங்கும் மிக அதிகமாக 7.19 பங்கும் இருந்தது. அதைப் பற்றி உலகமெங்கும் பரபரப்பாக எழுதினார்கள். பாதரசக் கிரீம்களிலோ பத்து இலட்சத்தில் ஆயிரக்கணக்கான பங்கு இருப்பது வழக்கம். இரண்டையும் ஒரே வரியில் 'நச்சு இரசாயனம்' என்று எழுதும்போது, சிறியதைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் பெரியதைச் சிறிதாக்கும் கேடே அதிகம் நேர்கிறது. அதே சமயம், முழு நிரூபணம் வரும்வரை அரசு கைகட்டி நிற்க வேண்டும் என்ற எதிர்வாதத்தையும் நான் ஏற்கவில்லை. ஒரு பொருள் எதற்காகச் சேர்க்கப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிருமியைத் தடுக்கிற பதனப்பொருளுக்குப் பயனையும் தீங்கையும் எடைபோட்டு வரம்பு வைப்பது அறிவுடைமை. முகத்தை வெளுப்பதைத் தவிர வேறு வேலையில்லாத நஞ்சுக்கு எடைபோடுவதற்கு மறுதட்டில் என்ன இருக்கிறது? அங்கே விற்பவரே பாதுகாப்பை நிரூபிக்கட்டும்.

இயற்கைப் பொருள்களை மட்டும் அனுமதிக்கக் கேட்கும் பத்தியைக் கட்டாயம் நீக்குங்கள். அது உங்கள் வாதத்தையே கவிழ்த்துவிடும். பாதரசமும் ஈயமும் ஆர்செனிக்கும் மண்ணில் கிடைப்பவைதாம். தீபாவளிச் சந்தையில் பத்து வெள்ளிக்குக் கையில் வரைந்துவிடும் 'கறுப்பு மருதாணி'யை நினைத்துப் பாருங்கள். மருதாணி இலை செம்பழுப்பாகத்தான் பற்றும், பற்றுவதற்கு மணிக்கணக்காகும். அரை மணியில் கன்னங்கரேலென்று பற்றினால் அதில் தலைச்சாயத்தில் போடும் பாராஃபினிலின்டையமின் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுடிச் சாயத்துக்கு மட்டும், அதுவும் ஐரோப்பாவில் தலையில் படும்போது 2 விழுக்காட்டுக்கு மேற்படாமல், அனுமதிக்கப்பட்ட பொருள் அது. தோலில் நேரடியாக வரைய அனுமதி கிடையாது. சித்திரம் போட்ட அதே வடிவில் கொப்புளம் கிளம்பிய சிறுமிகளின் கைகளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் இருக்கும். நாற்பது வயதில் நரைக்குச் சாயமடிக்கும்போது முகம் வீங்கித் திரும்பவும் தலைகாட்டும். குங்குமமும் அப்படியே. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்து வீட்டில் செய்தது ஒன்று, பொட்டலத்தில் வருவது வேறு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 குங்கும மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வாங்கியவற்றில் 83 விழுக்காட்டிலும் இந்தியாவில் வாங்கியவற்றில் 78 விழுக்காட்டிலும் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. அதில் பெரும்பகுதி மிகச் சிறிய அளவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுர்மா என்ற பெயரில் விற்கும் சில கண்மைகளோ ஈய சல்ஃபைடைப் பொடித்துச் செய்தவை. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு இவற்றைத் தீட்டும் வழக்கத்தை, பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும், விட்டுவிடுவதுதான் நல்லது.

மறுப்பாளரின் வாதத்துக்கு வருகிறேன். 'எல்லாம் அளவைப் பொறுத்தது' என்பதில் உண்மை இருக்கிறது. மேலே நானே அதை வைத்துத்தான் உதட்டுச் சாயத்தைப் பிரித்துக் காட்டினேன். ஆனால் அளவு தெரிந்தால்தானே அதைப் பொறுத்து முடிவெடுக்க முடியும்? உட்பொருள் பட்டியலே இல்லாத டப்பாவில் எந்த அளவைப் பார்த்து வாங்குவது? தோட்டப்புறத்தில் பிறந்த நமக்கு இந்த வாதம் புதியதும் அன்று. பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்த பெண்களின் நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வடிந்த காலத்தில், குறிப்பில் உள்ளபடி கையுறையும் முகமூடியும் அணிந்து தெளித்தால் ஆபத்தில்லை என்றுதான் விற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலில் யாரும் அப்படி அணிந்து வேலை செய்ய முடியாது என்பது சொன்னவர்களுக்கும் தெரியும். 2002-இல் அறிவித்த தடை 2006-இல் தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மலேசியாவில் பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. பயன்படுத்துபவரின் கவனத்தின் மேல் முழுப் பொறுப்பையும் ஏற்றி வைக்கும் விதி, கவனமாக இருக்க வசதியில்லாதவர்களைக் காப்பாற்றுவதில்லை.

முகவர்களாக விற்கும் பெண்களைப் பற்றிய அவருடைய கவலையை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். முந்நூறு நானூறு வெள்ளி கட்டிப் பத்து செட் எடுத்து, டிக்டாக் நேரலையில் தன் முகத்தையே காட்டி விற்கிற பெண், தானும் அதையே பூசிக்கொள்பவள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. அமலாக்க அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது பொருளோடு பிடிபடுவதும் அவளேதான். அவளுக்கு மேலிருக்கும் தலைமை முகவரும் தயாரிப்பாளரும் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மாதம் புதிய மூடியோடு வந்துவிடுகிறார்கள். இது தடை கூடாது என்பதற்கான நியாயம் ஆகாது. வலையை மேலேயிருந்து வீச வேண்டும் என்பதற்கான நியாயம்.

ஆக, மனுவில் எதைக் கேட்பது என்பதற்கு, நம் நாட்டு ஏற்பாட்டில் ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்கு, சந்தைக்கு வருமுன் தரவுகளைச் சோதித்து மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண் தருகிறார்கள். ஒப்பனைப் பொருளுக்கு அப்படியில்லை. நிறுவனம் தன் பொருளில் உள்ளவற்றைத் தானே அறிவித்து, விதிகளுக்கு உட்பட்டது என்று உறுதி கூறினால், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள என்.பி.ஆர்.ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், நாட் (NOT) என்று தொடங்கி கே (K) என்று முடியும் அறிவிக்கை எண்ணைக் கொடுக்கிறது. ஆய்வுக்கூடச் சோதனை சந்தைக்கு வந்த பிறகு, மாதிரி எடுத்துச் செய்வது. அறிவிக்கும்போது யாரும் பாதரசம் சேர்த்திருப்பதாக எழுதப் போவதில்லை. என்.பி.ஆர்.ஏ அவ்வப்போது பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களின் அறிவிக்கையை இரத்து செய்து பெயர்களை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் எண் பெற்றிருந்த பொருள்களும் வந்தபடி இருப்பதே, எண் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு உறுதியாவதில்லை என்பதற்குச் சான்று. அப்படி வெளியாகும் பட்டியல் தமிழில் நம் ஊருக்கு வந்து சேர்வது அரிது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவை வெளுப்புக் கிரீம்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகின்றன. நேரலைக்காரியின் குரல் அவற்றைவிட வேகமாகப் பரவுகிறது.

எனவே கோரிக்கைப் பத்தியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "முகக் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டிராய்டு ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு நடப்பில் உள்ள தடையை நாங்கள் வரவேற்கிறோம். அத்தடை எங்கள் ஊரில் செயல்படவில்லை. தோலை வெளுப்பதாகக் கூறி விற்கப்படும் கிரீம்களுக்கு மட்டுமாவது, அறிவிக்கை எண் வழங்குவதற்கு முன்பே பாதரசச் சோதனை அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். இணையத்திலும் நேரலையிலும் விற்பவர் அந்த எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். காட்டாத விற்பனையை நடத்தவிடும் தளமும் பொறுப்பேற்க வேண்டும். சிறு முகவரைப் பிடிக்கும்போது அவருக்குப் பொருளை அனுப்பியவர் வரை விசாரணை செல்ல வேண்டும். இரத்து செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் தமிழிலும் தோட்ட கிளினிக்குகளில் ஒட்டப்பட வேண்டும்." எல்லாக் கிரீமுக்கும் முன்சோதனை கேட்டால் செலவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். ஆபத்து குவிந்திருக்கும் ஒரே வகைக்குக் கேட்டால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். உலக அளவில் காற்றும் உங்கள் பக்கமே அடிக்கிறது. 2017-இல் நடப்புக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் முதலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசம் உள்ள ஒப்பனைப் பொருள்களை மட்டும் தடுத்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, 2025-க்குள் பாதரசம் சேர்த்த எல்லாவற்றையும் ஒழிப்பதாக முடிவெடுத்தன. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். ஐரோப்பாவின் 1,300 செய்யாத வேலையை இது செய்யும்.

மனுவோடு, பாதிக்கப்பட்டவர்கள் தந்த டப்பாக்களின் படங்களை இணைப்பது மிகவும் உதவும்: முன்பக்கம், பின்பக்கம், எண் அச்சிடப்பட்டிருந்தால் அது தெளிவாகத் தெரியும்படி. அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ-வின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் உடல் சவர்க்காரத்துக்கு உரிய எண்ணைத் திருடி இரவுக் கிரீமில் அச்சிட்டிருப்பது தெரிந்தால், அதுவே தனிப் புகார். டப்பாவில் மிச்சமிருக்கும் கிரீமைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இறுக மூடி, ஈப்போவிலுள்ள மாநில மருந்தக அமலாக்கப் பிரிவிடம் ஒப்படைத்தால் அவர்களே சோதனைக்கு அனுப்புவார்கள். நெடுநாள் பூசியவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் பால்கொடுப்பவர்களும், அரசாங்க கிளினிக்கில் கிரீமைக் காட்டி, சிறுநீரில் புரதமும் பாதரசமும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஸ்டிராய்டு கலந்ததை மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்திவிட்டு அவதிப்பட வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துவது நல்லது. பாதரசக் கிரீம் என்று தெரிந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டு, தலையணை உறையையும் துவாலையையும் மாற்றிவிடுங்கள்.